சைவம்தான் சுத்தம் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

"டப்பாவுல மீன் கொண்டு வராதே, கிளாஸே நாறுது." வடசென்னையில் தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் மீனவக் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. விடியற்காலையில் காசிமேடு ஏலத்தில் நெத்திலி எடுத்து, தெருத்தெருவாக விற்று ஃபீஸ் கட்டுகிற அம்மா, தன் பிள்ளையின் டப்பாவில் எலுமிச்சை சோறும் உருளைக்கிழங்கும் வைத்து அனுப்புகிறாள். ராத்திரி வைத்த நெத்திலிக் குழம்பு சட்டியோடு வீட்டில் இருக்கிறது.

சைவம் சாப்பிட்டால் புத்தி தெளியும், கவிச்சி தின்றால் மந்தம் தட்டும் என்ற நம்பிக்கை பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது. அது பொய். வளர்கிற உடம்பைக் கெடுக்கிற பொய்.

பி12 வைட்டமின் செடிகொடியில் கிடைக்காது. பால், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டு. கீரையில் இரும்புச்சத்து இருந்தாலும் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மீனிலும் கறியிலும் இருப்பது சுலபமாகச் சேரும். நெத்திலியை முள்ளோடு மென்று தின்கிற பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்தும் கூடவே போகிறது. ரத்தசோகை உள்ள பிள்ளைக்குத்தான் வகுப்பில் கவனம் நிற்காமல் சோர்வு தட்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் பெரும்பாலோர் இன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சைவக் குடும்பத்துப் பிள்ளையும் நன்றாக வளரும். அதற்குப் பால், தயிர், பருப்பு, சுண்டல், பழம் எல்லாம் நாள் தவறாமல் வாங்க வசதி வேண்டும். கொருக்குப்பேட்டையில் தினக்கூலி வீட்டில் கவிச்சியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சோறும் தண்ணிச் சாம்பாரும்தான். வசதி உள்ளவர்களின் பத்தியத்தை இல்லாதவர்களின் பிள்ளைகள் மேல் சுமத்துவது அநியாயம். 2014-ல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் அசைவம் சாப்பிடுவோர் 97 சதவீதத்துக்கும் மேல் என்று வந்தது. அப்படியிருக்க, யாருடைய வழக்கத்தைப் பொதுவிதி என்கிறோம்?

1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி மதிய உணவு போட்டது. தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது, 2010 முதல் வாரத்துக்கு ஐந்து. முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. யார் வாயிலும் யாரும் திணிக்கவில்லை. ஆனாலும் மத்தியப் பிரதேசத்தில் 2015-ல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்க முதல்வரே மறுத்தார். கர்நாடகத்தில் 2021-ல் பள்ளியில் முட்டை போட்டபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். நம் ஊரில் அப்படி நடக்காது என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வெங்காயமும் பூண்டும் சேர்க்காத அமைப்பிடம் காலை உணவை ஒப்படைத்ததும், அதற்கு எதிர்ப்பு எழுந்ததும் சில ஆண்டுகளுக்கு முன்புதான்.

"எண்ணூர் மீனைத் தின்னலாமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான பயம். அங்கே ஆற்று முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வலையையும் படகையும் நாசமாக்கியது. ஆனால் அது கழிவை விட்டவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆற்றைக் கெடுத்தவர்களை விட்டுவிட்டு, பிள்ளையின் தட்டிலிருந்து மீனை எடுப்பது என்ன நீதி?

2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம். உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று சூடாகப் போடுகிறார்கள். அந்தத் தட்டிலும் ஒரு முட்டை வைக்க வேண்டும், வேண்டாதவர்களுக்குப் பழம். திருவொற்றியூர், ராயபுரம் மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்தே தொடங்கலாம். தனியார் பள்ளிகள் டப்பாவைத் திறந்து பார்க்கிற வேலையை இன்றோடு விட வேண்டும்.