சாயத்தின் விலையை யார் கொடுப்பது?

2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளுக்கு மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்க அமைந்த பொது நிலையங்களும் சேர்ந்தே மூடப்பட்டன. சாயமேற்ற வேண்டிய துணி லாரியேறி வெளியூர்களுக்குப் போனது. பனியன் கம்பெனிகளில் ஷிப்டுகள் குறைந்தன. வேலை தேடி வந்திருந்த ஏராளமானோர் ஊர் திரும்பினார்கள். பசுமைத் தொழில் என்று இன்று திருப்பூர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த நாள் இருக்கிறது.

அந்த உத்தரவுக்குக் காரணமானவர்கள், திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயிகள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவின் தேக்கமாகிவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. தென்னை காய்ப்பு குறைந்தது. அணையில் தண்ணீர் நின்றும், அதைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்றது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதமும் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பிறகும் கழிவு நிற்காததால்தான் 2011இல் பூட்டு விழுந்தது.

சிக்கலின் மையத்தில் இருந்தது நிறத்தைவிட உப்புதான். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். நீரில் கரைந்த சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது அதன் வேலை. வேலை முடிந்ததும் அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. மொத்தமும் கழிவுநீரோடு போய்விடும். சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை அப்படி எடுக்க முடியாது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீரை ஆற்றில் விட்டுக்கொண்டே நிலத்தைக் கெடுக்க முடிந்தது இதனால்தான்.

மீண்டும் திறக்கப்பட்ட பட்டறைகளின் கழிவுநீர் இப்போது முதலில் நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போகிறது. பிறகு ஆர்.ஓ. சவ்வுகள் வழியே அழுத்தித் தள்ளப்பட்டு, பெரும்பகுதி நல்ல நீராகிச் சாயப்பட்டறைக்கே திரும்புகிறது. எஞ்சும் அடர்ந்த உப்புநீரில் ஒரு பகுதியை அடுத்த சாயத்துக்கு அப்படியே பயன்படுத்துகிறார்கள். மீதியை ஆவியாக்கி உப்பாகப் பிரிக்கிறார்கள். கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கப்படுகிறது. ஒரு துளி மழை பட்டாலும் கரைந்து மண்ணுக்குள் போய்விடும் என்பதால் அதற்குக் கூரை போட்டுக் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச முடியாது. உலகில் ஒரு ஜவுளி நகரம் இந்த அளவில், இத்தனை சிறு ஆலைகளைக் கூட்டாக இணைத்து இதைச் செய்திருப்பது அபூர்வம். ஆனால் ஆவியாக்கிக்கு நீராவி வேண்டும். நீராவிக்குக் கொதிகலனில் விறகு எரிய வேண்டும். சவ்வுகளுக்கு இரவு பகலாக மின்சாரம் வேண்டும். ஆற்றைக் காக்கும் செயல் கரியமிலக் கணக்கில் செலவாகப் பதிவாகிறது. நிலைத்த வளர்ச்சி பற்றிப் பேசும் மேடைகளில் இந்த முரணை யாரும் தொடுவதில்லை. குறைந்த நீரில் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரம், உப்பைக் குறைக்கும் சாயம், சூரிய ஆற்றல் என்று தொடக்கத்திலேயே சுமையைக் குறைப்பதுதான் இதற்கு வழி.

காற்றாலைகளின் கதையும் யோசிக்கத்தக்கது. 1990களில் தமிழ்நாட்டு ஜவுளித் தொழிலதிபர்கள் காற்றாலையில் பணம் போட்டதற்கு வருமான வரித் தேய்மானச் சலுகையும் மின்வெட்டும் முக்கியக் காரணங்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும் கிடைத்தது சுத்தமான மின்சாரம்.

நல்லெண்ணத்தைவிட லாப நட்டக் கணக்கே பழக்கத்தை மாற்றும் என்ற இந்த விதிதான் தனிமனித வாழ்க்கையிலும் செல்லுபடியாகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை; 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. இருந்தும் மாலைச் சந்தையில் கீரைக்கட்டு மெல்லிய கேரி பேக்கில்தான் கைக்கு வருகிறது. நீலகிரியிலோ 2022இல், உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால், டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த கண்ணாடி, பெருமளவு கடைக்கே திரும்பியது. குடித்தவர்கள் திடீரென்று சூழல் ஆர்வலர்களாக மாறிவிடவில்லை. பாட்டிலுக்கு ஒரு மதிப்பு வந்தது, அவ்வளவுதான்.

துணி வாங்குபவருக்கு இப்படி ஒரு பிடி இல்லை. தீபாவளி நெருக்கடியில் நூற்றைம்பது ரூபாய்க்கு டி-ஷர்ட் எடுக்கும் குடும்பத்துக்கு அது எந்தத் தண்ணீரில் சாயமேறியது என்று தெரிய வழியே கிடையாது. சுத்திகரிப்புச் செலவைச் சுமக்கும் பட்டறையும், இரவில் ஓடையில் திறந்துவிடும் அனுமதியற்ற பட்டறையும் ஒரே கடையில் போட்டியிடுகின்றன. இது திருப்பூரோடு முடிவதில்லை: பஞ்சாபின் லூதியானாவில் சாயக் கழிவு புத்தா நாலா வழியாக சட்லெஜில் கலப்பதை எதிர்த்து இப்போதும் போராட்டம் நடக்கிறது. ஒழுங்காக நடப்பவரை விலையில் தோற்கடிக்கும் சந்தையில் ஒழுங்கு எத்தனை நாள் தாங்கும்? துணியை நீண்ட நாள் உடுத்துவதும், கிழிந்ததைத் தைத்துப் போடுவதும் நல்ல பழக்கங்கள். அவை இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டம், பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கிறது. ஜவுளி அதன் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. துணி எங்கே, எப்படி உருவானது என்பதை ஏற்றுமதியாளர் வருங்காலத்தில் காட்ட வேண்டிவரும். அந்தத் தகவலை உள்ளூர் பனியனின் லேபிளிலும் அச்சிட்டால் என்ன? தமிழ்நாடு அரசே பெரிய துணி வாடிக்கையாளர். பொங்கலுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வேட்டி சேலைகளும் பள்ளிச் சீருடைகளும் அது கொள்முதல் செய்பவை. நூலுக்கும் துணிக்கும் சாயமேற்றிய பட்டறையின் பெயரையும், அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தது என்பதையும் டெண்டரிலேயே கேட்கலாம். அதற்கு ஆகும் கூடுதல் விலையை அரசு மறுக்காமல் கொடுக்கவும் வேண்டும்.