எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியாச்சு... முதல் பைக் எது? ஷோரூம் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டாச்சு. லைசென்ஸ் கார்டும் வீட்டுக்கு வந்தாச்சு. அடுத்து வீட்டில் நடக்கும் விவாதம் ஒன்றுதான். எந்த பைக் வாங்குவது? பசங்க சிசி பேசுவார்கள். பெற்றோர் மைலேஜ் கேட்பார்கள். கடைசியில் இஎம்ஐ எவ்வளவு வரும் என்பதில் பேச்சு முடியும்.

2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி மாற்றம் இந்த விவாதத்தை இன்னும் சூடாக்கிவிட்டது. 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு வரி குறைந்ததால், முன்பு பட்ஜெட்டுக்கு வெளியே இருந்த வண்டிகள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன. ஆனால் முதல் பைக்கைப் பொறுத்தவரை விலையையும் சிசியையும் தாண்டிப் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எட்டு போட்டால் எந்த பைக்கும் ஓட்டலாமா?

சட்டப்படி ஓட்டலாம். இந்தியாவில் 18 வயது நிறைந்தவர், எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். பாஸ் ஆனால் கியர் உள்ள பைக் ஓட்டும் லைசென்ஸ் கிடைக்கும். அதில் சிசி வரம்பு, பவர் வரம்பு எதுவும் கிடையாது. 100 சிசி வண்டியில் எட்டு போட்டவர், மறுநாளே 650 சிசி பைக்கை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் கிளம்பினாலும் அது சட்டப்படி சரிதான்.

எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை. சிங்கப்பூரில் புதிதாக லைசென்ஸ் எடுப்பவருக்கு முதலில் 200 சிசி வரைதான் அனுமதி. ஓராண்டு ஓட்டிய பிறகு 400 சிசி வரையிலான அடுத்த பிரிவுக்கு டெஸ்ட் எழுதலாம். அதற்கு மேலே போக இன்னும் ஓராண்டு ஆகும். பிரிட்டனில் 17 வயதில் கிடைப்பது 125 சிசி, 11 கிலோவாட் வரையிலான பைக்குக்கான லைசென்ஸ். 11 கிலோவாட் என்றால் சுமார் 15 பிஎஸ். 19 வயதில் 35 கிலோவாட் வரை ஓட்டலாம். வரம்பே இல்லாத லைசென்ஸை நேரடியாக எடுக்க 24 வயது ஆக வேண்டும்.

அந்த நாடுகளில் சட்டம் போடும் வரம்பை, இங்கே வாங்குபவரும் அவர் வீட்டாரும்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எட்டு போடும் டெஸ்ட் சோதிப்பது குறைந்த வேகத்தில் வண்டியைக் கட்டுப்படுத்தும் திறனை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே 60 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென பிரேக் பிடிப்பதை அந்த மைதானம் சொல்லித் தராது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதாவது நூற்றுக்கு 44 பேருக்கும் மேல். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு. மொத்தம் 64,105 விபத்துகள்.

வேகத்தின் கணக்கையும் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே நாய் ஓடி வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்கவே அந்த ஒரு நொடி போய்விடும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி நிற்பதற்குத் தூரம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். ஓட்டிப் பழகிய கை இதைத் தானாகக் கணக்குப் போடும். புதுக் கைக்கு அதற்குச் சில மாதங்கள் ஆகும்.

சிசி மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. புதிதாக ஓட்டுபவர் சிசியுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியவை மூன்று. பவர், எடை, சீட் உயரம்.

நிறுவனங்கள் தரும் விவரப்படி ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 8 பிஎஸ் பவர், 112 கிலோ எடை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 20 பிஎஸ், 195 கிலோ. கேடிஎம் 390 டியூக்கில் பவர் சுமார் 46 பிஎஸ், ஆனால் எடை கிளாசிக்கை விடக் குறைவு. இந்த மூன்றும் மூன்று விதமான சவால். கிளாசிக்கில் ஆக்சிலரேட்டர் பயமுறுத்தாது, ஆனால் பார்க்கிங்கில் தள்ளவும், டிராஃபிக்கில் காலை ஊன்றித் தாங்கவும் பலம் வேண்டும். டியூக்கைத் தள்ளுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆனால் வலது கை கொஞ்சம் அதிகமாகத் திருகினாலே வேகம் எங்கேயோ போய்விடும்.

சீட் உயரத்தை ஷோரூமிலேயே சோதித்துவிடலாம். வழக்கமாகப் போடும் செருப்பு, ஷூவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தால் நல்லது. நுனி விரல் மட்டும் எட்டினால் சிக்னலிலும் மேடு பள்ளத்திலும் வண்டி சாயும். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டுப் பத்தடி பின்னால் தள்ளிப் பார்ப்பதும் நல்ல டெஸ்ட்தான். அங்கேயே மூச்சு வாங்கினால், அது முதல் பைக் இல்லை.

100 முதல் 160 சிசி வரை உள்ள, 15 பிஎஸ் அளவில் நிற்கும் வண்டி ஊருக்குள் ஓட்டிப் பழகப் போதும். ஓரிரு ஆண்டு ஓட்டிவிட்டு மாற்றினாலும், இந்த ரக பைக்குகளுக்கு செகண்ட் ஹேண்ட் சந்தையில் எப்போதும் கிராக்கி இருக்கிறது.

ஏபிஎஸ் இருக்கிறதா? கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி

பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். மழை ஈரத்திலும் மணலிலும் வண்டி வழுக்குவது இப்படித்தான். சக்கரம் பூட்டாமல் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுப்பதுதான் ஏபிஎஸ்-ன் வேலை.

2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய பைக்குகளிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் சிபிஎஸ் இருந்தாலே போதும். சிபிஎஸ் என்பது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்திலும் பிரேக் விழும் ஏற்பாடு. அது சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது. சிறிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ்-ஐ கட்டாயமாக்க 2025 ஜூனில் மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது.

எனவே 125 சிசி வண்டி பார்ப்பவர்கள், குறிப்பிட்ட அந்த வேரியண்டில் ஏபிஎஸ் உண்டா என்று கேட்க வேண்டும். சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும். டூயல் சேனல் என்றால் இரண்டு சக்கரத்துக்கும். அலாய் வீல், புளூடூத் டிஸ்பிளே ஆகியவற்றுக்குக் கூடுதலாகப் பணம் தருவதற்கு முன் இதற்குத் தரலாம்.

ஜிஎஸ்டி மாற்றத்தால் எவ்வளவு லாபம்?

350 சிசி வரை ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆனது. வரிக்கு முந்தைய விலை 70,000 ரூபாய் என்றால், முன்பு 89,600 ரூபாயாக இருந்த வண்டி இப்போது 82,600 ரூபாய். 7,000 ரூபாய் மிச்சம்.

350 சிசிக்கு மேல் கதை வேறு. முன்பு செஸ் சேர்த்து 31% இருந்த வரி இப்போது 40%. வரிக்கு முன் 2 லட்சம் ரூபாய் உள்ள வண்டி 2,62,000-லிருந்து 2,80,000 ஆகும்.

ஷோரூம் விலைக்கும் ஆன்ரோடு விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரிப்படி, 1 லட்சம் ரூபாய் வரையிலான பைக்குக்கு 10%, அதற்கு மேல் 12%. கூடவே புது வண்டிக்கு 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூனில் அமலான அட்டவணைப்படி, 75 முதல் 150 சிசி வரை அந்த 5 ஆண்டு பிரீமியம் 3,851 ரூபாய். 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய். ஜிஎஸ்டி தனி.

ஒரு ஒப்பீடு. 95,000 ரூபாய் விலையுள்ள 125 சிசி வண்டிக்கு வரி 9,500, தேர்ட் பார்ட்டி பிரீமியம் 18% ஜிஎஸ்டியுடன் சுமார் 4,544. 2 லட்சம் ரூபாய் விலையுள்ள 350 சிசி வண்டிக்கு வரி 24,000, பிரீமியம் சுமார் 8,691. ஆக, விலையில் உள்ள 1,05,000 ரூபாய் வித்தியாசத்துக்கு மேல், இந்த இரண்டில் மட்டும் இன்னும் 18,600 ரூபாய்க்கு மேல் கூடுகிறது.

டீலர் சொல்லும் கம்பெனியில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று இல்லை. வெளியே விசாரித்து எடுக்கலாம். பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' மாதிரி ஏதாவது இருந்தால், அது எதற்கு என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இஎம்ஐ: 10% என்றால் உண்மையில் எவ்வளவு?

'வட்டி வெறும் 10%தான் சார்' என்று சொன்னால், அது பிளாட் ரேட்டா, குறையும் அசலுக்கான வட்டியா என்று கேட்க வேண்டும். 80,000 ரூபாய் கடன், 3 ஆண்டு, பிளாட் 10% என்றால் மொத்த வட்டி 24,000 ரூபாய். மாதம் சுமார் 2,889 ரூபாய் கட்ட வேண்டும். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு 80,000-க்கும் வட்டி போடுவதால், உண்மையான வட்டி ஏறக்குறைய 18% ஆகிறது.

வண்டி யார் பெயரில்? பலரும் கவனிக்காத விஷயம்

லைசென்ஸ் மகனிடம், வண்டி அப்பா பெயரில். பல வீடுகளில் இதுதான் நடைமுறை. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டின் பெயரே 'ஓனர் டிரைவர்' கவர்தான். ஆர்சியில் பெயர் உள்ள உரிமையாளர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு தானே ஓட்டும்போது நடக்கும் விபத்துக்கானது அது. அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டி, தானாகக் கீழே விழுந்தால் அந்தப் பணம் மகனுக்குக் கிடைக்காது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் எதிரில் பாதிக்கப்பட்டவருக்குத்தான்.

தினமும் ஓட்டப்போகிறவர் பெயரிலேயே பதிவு செய்வது இதற்கு எளிய வழி. முடியாவிட்டால், ஓட்டுபவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். இன்னொன்று, புது வண்டியின் பாலிசியில் தேர்ட் பார்ட்டி 5 ஆண்டுக்கு இருந்தாலும், வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டும்தான். அதன் பிறகு புதுப்பிக்காவிட்டால் நம் வண்டிச் செலவு நம் தலையில்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பழகும் காலத்தில் வண்டி ஓரிரு முறை கீழே சாயும். புது வண்டியில் விழும் கீறல் மனசையும் சேர்த்துக் கீறும். ஆனால் பேப்பரில் கோட்டை விடக் கூடாது.

ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றோடு அதை நீக்கித் தரச் சொல்ல வேண்டும். நிலுவையில் இ-சலான் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பீரோவில் வைக்காமல் உடனே ஆர்டிஓ ஆபீஸில் கொடுக்க வேண்டும். வண்டி கைமாறினாலும் ஆர்சியில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே அவசரம் விற்பவருக்கும் உண்டு. இன்சூரன்ஸ் பெயரையும் 14 நாளுக்குள் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஓன் டேமேஜ் கிளெய்ம் சிக்கலாகிவிடும்.

பட்ஜெட்டில் ஹெல்மெட் இருக்கிறதா?

2022-ல் ஹெல்மெட் அணியாமல் உயிரிழந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸை 3 மாதம் நிறுத்திவைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

புது பைக்கோடு ஹெல்மெட் தர வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. டெலிவரி எடுக்கும்போது கேட்டு வாங்கலாம். அது தலைக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் உள்ள ஹெல்மெட்டைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டாவது ஹெல்மெட்டுக்கான பணத்தையும் பைக் பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

டெஸ்ட் டிரைவ் கேட்டால் ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டோடு முடித்துவிடப் பார்ப்பார்கள். தினமும் போகப்போகும் மாதிரியான டிராஃபிக்கில், ஒரு யூ-டர்ன், ஒரு வேகத்தடை, ஒரு திடீர் பிரேக் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. ஆன்ரோடு விலையின் பிரிவு வாரியான பட்டியல், கடன் வட்டி எந்த வகை, ஏபிஎஸ் விவரம், இன்சூரன்ஸில் எது எத்தனை ஆண்டுக்கு, யார் பெயரில் பதிவு ஆகிய ஐந்தையும் எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம். வண்டி வந்த முதல் மூன்று மாதம் இரவு நெடுஞ்சாலைப் பயணம், பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு வேகம் ஆகிய இரண்டையும் தள்ளிவைத்தால், வீட்டில் இருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.