மூளைக்குப் பயிற்சி தரும் கருவி: பலன் உண்டா?

பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் ஒரு கறுப்புப் பட்டை. நெற்றிக்கு நேராக ஒரு சின்ன விளக்கு. விளக்கு சிவப்பாக எரிந்தால் பிள்ளை பாடத்தைக் கவனிக்கிறான். நீலமாக எரிந்தால் அவன் மனம் வேறு எங்கோ போய்விட்டது!

இது கட்டுக்கதை அல்ல. சீனாவில் ஜின்ஹுவா என்ற ஊரில், ஓர் ஆரம்பப் பள்ளியில் நடந்தது. பிள்ளையின் மூளையில் எழும் மின்னலைகளைப் பட்டை அளந்தது. கணக்கு ஆசிரியரின் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. பெற்றோருக்கும் தகவல் போயிற்று. 2019ஆம் ஆண்டு இந்தக் காட்சி படமாக வெளிவந்தது. சீன மக்களே கொதித்து எழுந்தார்கள். "எங்கள் பிள்ளைகள் என்ன, இயந்திரங்களா?" என்று கேட்டார்கள். அந்த அக்டோபர் மாதக் கடைசியில், பட்டையை இனி மாட்ட வேண்டாம் என்று கல்வி அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள்.

பட்டை போயிற்று. அதன் பின்னால் இருந்த ஆசை போகவில்லை. படிப்பில் மனம் நிற்காத பிள்ளையின் மூளையை, கருவி வைத்துப் பழக்கிவிடலாம் என்பதுதான் அந்த ஆசை. அமெரிக்காவில் இது பெரிய வியாபாரம். ஒரு தடவை போய் உட்கார்ந்து வர 100 டாலருக்கு மேலும் வாங்குகிறார்கள். 30, 40 தடவை வர வேண்டும் என்கிறார்கள். ஒரு குடும்பம் இதற்காக ஆயிரக்கணக்கான டாலர் செலவழிக்கிறது. அந்தப் பணத்துக்குப் பலன் உண்டா?

குதிரையிலிருந்து விழுந்தவர்

மூளையில் மின்சாரம் ஓடுகிறது. மிக மிகக் குறைவான மின்சாரம். தலைக்கு மேலே அளந்தால், ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் சில பங்கு கிடைக்கும். அவ்வளவுதான்.

இதை மனிதரிடம் முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர். ஜெர்மனியில் ஜெனா நகரத்து மனநோய் டாக்டர். வாலிபத்தில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்தார். பீரங்கி வண்டிச் சக்கரம் அவர்மீது ஏறாமல் மயிரிழையில் நின்றது. அன்றைக்கே வீட்டிலிருந்து தந்தி வந்தது. "உனக்கு ஏதோ ஆபத்து என்று உன் அக்காள் பதறுகிறாள். சுகமா?" என்று தகப்பனார் கேட்டிருந்தார். மனம் மனத்துக்குச் செய்தி அனுப்புமோ என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. அதைத் தேடிப் போனவர், 1924இல் மூளை அலையைக் கண்டார். ஐந்து ஆண்டு வெளியே சொல்லாமல், 1929இல்தான் எழுதினார். பலர் நம்பவில்லை. 1934இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏட்ரியன் செய்து காட்டிய பிறகே உலகம் நம்பியது. அக்காளின் பதற்றத்துக்கு மட்டும் கடைசிவரை விஞ்ஞான விளக்கம் கிடைக்கவில்லை!

அலைகள் பல விதம். கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது வினாடிக்குச் சுமார் பத்துத் தடவை ஆடும் அலை வருகிறது. தூக்கக் கலக்கத்தில் அதைவிட மெதுவான அலை. விழிப்போடு வேலை செய்யும்போது வேகமான அலை. இதைக் கவனித்த பிறகு அடுத்த கேள்வி தானாக வந்தது. மெதுவான அலையைக் குறைத்து, வேகமான அலையைக் கூட்டும்படி ஒருவரைப் பழக்க முடியுமா?

பாலுக்கு ஆசைப்பட்ட பூனைகள்

முடியும் என்று பூனைகள் காட்டின. அமெரிக்காவில் பாரி ஸ்டர்மன் என்பவர் 1960களில் பரிசோதனை நடத்தினார். பூனையின் மூளையில் ஒரு குறிப்பிட்ட அலை எழும்போதெல்லாம் அதற்குக் கொஞ்சம் பால் கிடைக்கும். பால் கிடைக்கிறது என்று கண்டதும் பூனைகள் அந்த அலையை அடிக்கடி எழுப்பப் பழகிவிட்டன. பிறகு வேறு வேலைக்காக, ராக்கெட் எரிபொருள் ஒன்றின் விஷத்தை அவர் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த விஷம் வலிப்பை உண்டாக்கும். பழகிய பூனைகளுக்கு வலிப்பு தாமதித்தே வந்தது. இதிலிருந்து, காக்காய் வலிப்பு உள்ள மனிதருக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1976இல் டென்னசி பல்கலைக்கழகத்து ஜோயல் லூபார், ஓரிடத்தில் உட்காராமல் துடிக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார்.

அன்று தொடங்கியது இன்றும் அதே மாதிரிதான் நடக்கிறது. பிள்ளையின் தலையில் பசை தடவிச் சிறு வில்லைகளை ஒட்டுகிறார்கள். எதிரே திரையில் ஒரு கார் ஓடுகிறது. வேண்டிய அலை வந்தால் கார் வேகமாக ஓடும். வராவிட்டால் நின்றுவிடும். பயப்பட வேண்டாம். கருவி தலைக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. அலையை அளப்பதோடு சரி.

பெற்றோர் ஏன் இதை நாடுகிறார்கள்? மருந்துக்குப் பயந்துதான். கவனம் நிற்காமல் துடிக்கும் நிலைக்கு 'ஏ.டி.எச்.டி.' என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கு மெதில்பெனிடேட் என்ற மருந்து உண்டு. அது பல பிள்ளைகளுக்குக் கேட்கிறது. ஆனால் பசி குறையும். சிலருக்குத் தூக்கம் கெடும். ஏழு வயதுப் பிள்ளை சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தால், எந்தத் தாய்க்கு மனம் பொறுக்கும்? "மருந்தே வேண்டாம், விளையாட்டுப்போல் பழக்கிவிடுகிறோம்" என்று ஒருவர் சொன்னால் அவள் கேட்கத்தானே செய்வாள்?

பொய்ப் பயிற்சி

பயிற்சிக்குப் போன பிள்ளைகள் பலர் தேறியது உண்மை. பெற்றோர் கண்ணால் கண்டார்கள். ஆனால் தேறியது கருவியாலா, வேறு காரணத்தாலா? இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாதிப் பேருக்கு நிஜப் பயிற்சி, மீதிப் பேருக்குப் பொய்ப் பயிற்சி. எது எவருக்கு என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரியக் கூடாது.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து டாக்டர் யூஜீன் அர்னால்டும் மற்றவர்களும் ஏறக்குறைய இப்படியே செய்தார்கள். 7 முதல் 10 வயது வரை 144 பிள்ளைகள். 38 தடவைப் பயிற்சி. ஒரு பகுதியினருக்குத் திரையில் கார் ஓடியது அவர்கள் மூளையைப் பார்த்து அல்ல. முன்பே பதிவு செய்து வைத்த வேறு அலையைப் பார்த்து!

முடிவு 2021இல் அச்சாயிற்று. நிஜப் பயிற்சி பெற்றவர்களில் 100க்கு 61 பேர் தேறியிருந்தார்கள். பொய்ப் பயிற்சி பெற்றவர்களில்? 100க்கு 54 பேர்! இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, பிள்ளைகள் தேறினார்கள். கருவியால் தேறினார்கள் என்று சொல்ல முடியவில்லை.

வேறு எதனால்? பெரியவர் ஒருவர் வாரம் தவறாமல் பிள்ளையோடு பொறுமையாக உட்கார்ந்தார். அவன் சொன்னபடி உட்காரப் பழகினான். நன்றாகச் செய்தால் பாராட்டினார்கள். வயதும் ஏறியது. "சரியாகப் போகிறான்" என்ற நம்பிக்கை வீட்டில் வந்தது. இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். என் அபிப்பிராயத்தில் பொறுமையாக உட்கார்ந்த அந்தப் பெரியவருக்கே அதிகப் பங்கு சேரும்.

கருவிக்காரர்கள் பக்கத்திலும் ஒரு வார்த்தை உண்டு. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, நிஜப் பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த மருந்தே தேவைப்பட்டது. இதை மறைப்பது நியாயம் அல்ல. ஆனால் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு பணத்தை அள்ளிக் கொடுக்கவும் முடியாது.

பிறகு 2024 டிசம்பரில் இன்னும் பெரிய கணக்கு வந்தது. 38 பரிசோதனைகள், மொத்தம் 2,472 பேர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். எவருக்கு எந்தப் பயிற்சி என்று தெரியாதவர்கள் போட்ட மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏ.டி.எச்.டி. தொல்லைகளில் சொல்லத்தக்க குறைவு இல்லை. மூளை சுறுசுறுப்பாக வேலை செய்யும் வேகத்தில் மட்டும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது.

கருவிக் கூடம் ஒன்றில் "100க்கு இத்தனை பேர் குணமானார்கள்" என்று சொன்னால், பெற்றோர் ஒன்று கேட்கலாம். "பொய்ப் பயிற்சி பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" அதற்குப் பதில் வராவிட்டால் பணப்பையைத் திறக்க அவசரம் வேண்டாம். மருந்து சாப்பிடும் பிள்ளையாக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவே கூடாது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரிகிறதா? காது கேட்கிறதா? இரவில் போதுமான நேரம் தூங்குகிறானா? எழுத்தே பிடிபடாமல் தடுமாறுகிறானா? கடைசியாகச் சொன்னது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அது வேறு விஷயம். அந்தப் பிள்ளைக்கு வில்லையும் பசையும் வேண்டாம். ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, திரும்பத் திரும்பச் சொல்லித் தரும் ஆசிரியர் வேண்டும்.