இரவல் பெயர்

சேப்பாக்கத்தில் பந்தயம் முடிந்த ஓர் இரவு, தாம்பரம் மின்சார வண்டியில் நின்றபடியே வீடு திரும்பினேன். வண்டி முழுவதும் மஞ்சள் சட்டைகள். தோற்றுப்போன ஆட்டந்தான், ஆனாலும் சட்டையில் இருந்த பெருமிதம் குறையவில்லை. குரோம்பேட்டையில் என்னோடு இறங்கிய ஒரு பையன், தகப்பனார் கையைப் பற்றிக்கொண்டு, "நாம ஏம்ப்பா தோத்தோம்?" என்று கேட்டான். "அடுத்த தடவை ஜெயிச்சுடுவோம்டா" என்றார் அவர்.

இந்த 'நாம்' யார்? அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தக் கேள்விதான்.

நாங்கள் குடியிருக்கும் ஊரே ஒரு கம்பெனியின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிற ஊர். குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் பதனிடும் ஆலை இங்கே இருந்ததால் குரோம்பேட்டை ஆயிற்று. ஆலையின் காலம் எப்போதோ கழிந்துவிட்டது. 'குரோம்' என்றால் என்னவென்று இங்குள்ள பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் விழிப்பார்கள். ஆனாலும் பெயரை விட்டுவிட்டோமா? இன்னும் தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர். 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அங்கேதான் வான்கார்டு, ஹெரால்டு என்று கார்களை உருட்டிவிட்டது. கடைசியாக 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒன்றைச் செய்து பார்த்து, 1988இல் கார் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இன்று அந்த மண்ணில் மென்பொருள் அலுவலகங்களும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. ஹெரால்டு காரைப் பற்றிக் கிழவர்கள் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் குரல் குழைந்துவிடும். கம்பெனி ஊரை மறந்தாலும் ஊர் கம்பெனியை மறப்பதில்லை.

விளையாட்டுக் கழகங்களின் கதை நேர் எதிர். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற போட்டி பிறந்தது. ஊர் ஊராக அணி, ஊருக்கு ஒரு பெருமை என்றார்கள். திருவள்ளூர் வீரன்ஸ் என்று பிறந்த அணி காஞ்சிக்குக் குடிபெயர்ந்தது. பிறகு நெல்லைக்குப் போயிற்று. தூத்துக்குடிப் பெயர் சொன்ன அணி சேலத்து அணியாகிவிட்டது. காரைக்குடிக் காளை திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்ததும் தமிழனாகவே மாறிவிட்டது! காரைக்குடியில் அந்தக் காளைக்காகத் தொண்டை கிழியக் கத்தினவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? வாடகை வீட்டைக் காலி செய்கிறவன்கூட ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுப் போகிறான், ஐயா!

"வியாபாரமென்றால் மாறத்தானே செய்யும்?" என்பீர்கள். மாறட்டும். மாறுவதற்கு நான் விரோதியல்ல. சென்னையின் பழைய லீக் கிரிக்கெட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவனும் அல்ல. அந்த நாளில் பாங்கியும் பிஸ்டன் கம்பெனியும் சிமென்ட் கம்பெனியும் பந்து வீசுகிறவனுக்கு ஒரு மேஜையும் மாதச் சம்பளமும் கொடுத்தன. முழங்கால் போனாலும் உத்தியோகம் போகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மேஜைக்குப் போகும் வழி மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் சில குறிப்பிட்ட பள்ளிக்கூடங்களிலும்தான் திறந்திருந்தது. தாம்பரத்துப் பையன் சிபாரிசுக் கடிதத்துக்கு எங்கே போவான்? சின்னப்பம்பட்டி நடராஜனை 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவர் மாமா யார் என்று அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. புதிய ஏற்பாட்டின் இந்த நன்மையை மறைத்துப் பேசுவது நாணயமாகாது.

என் சண்டை வேறு. 1946இல் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ், திருநெல்வேலிச் சீமையில் தாழையூத்தில் சுண்ணாம்புக் கல்லை அரைத்து வளர்ந்தது. சென்னை லீக்கில் அணிகளை வைத்துக் காப்பாற்றியது. 2008இல் 9 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சென்னை அணியை ஏலம் எடுத்தது. குமாஸ்தா உத்தியோகம் கொடுத்த அதே வழக்கத்தில், 2012இல் தோனிக்குத் துணைத் தலைவர் உத்தியோகமே கொடுத்தது! பின்னர் அணி தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. 2024 டிசம்பரில் சிமென்ட் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது, அணி போகவில்லை. விளம்பரத்துக்கு வந்த பிள்ளை வீட்டையே மிஞ்சிவிட்டது. வியாபாரக் கெட்டிக்காரத்தனம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

2018இல் காவிரிக் கிளர்ச்சியின்போது இந்த அணி புனாவுக்குப் போக நேர்ந்தது. ரசிகர்கள் தனி ரயிலேறிப் பின்னாலேயே போனார்கள். அணியோடு ஊர் போயிற்று. ஊரோடு அணி நிற்கும் என்பதற்கு என்ன பத்திரம் இருக்கிறது?

பக்கத்து வீட்டு நண்பரிடம் இதைச் சொன்னேன். "ஏன் சார், தரகர்கிட்டச் சொல்லி அந்த அணியோட பங்கையே வாங்கிப் போடலாமே?" என்றார். வாங்கலாம். விலை ஏறினால் விற்றுவிடலாம். அது பணம் போட்டவனின் உரிமை. கை தட்டினவனின் உரிமையல்ல. அமெரிக்காவில் கிரீன் பே என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். 1923 முதல் அதன் கால்பந்து அணி பொதுமக்களின் சொத்து. இன்று ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள். லாபப் பங்கு காலணா கிடையாது, பங்கை விற்றுப் பணம் பண்ணவும் முடியாது. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க ஓட்டு உண்டு. பெரிய நகரங்கள் எத்தனையோ அணிகளைக் கொத்திக்கொண்டு போன அந்த நாட்டில், இந்தச் சின்ன ஊரின் அணியை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. அங்கே ஒரு பையன் "நாம் தோற்றோம்" என்றால் அது வெறும் பேச்சில்லை.

இங்கே நமக்கு என்ன இருக்கிறது? 2022இல் துரைப்பாக்கத்தில் சென்னை அணி ஒரு பயிற்சிக்கூடம் திறந்தது. நல்ல காரியம், கட்டணம் கட்ட முடிந்தவர்கள் பிள்ளைகளை அனுப்பலாம். தாம்பரம் 2021இல் மாநகராட்சியாகிவிட்டது. பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரையில் மஞ்சள் சட்டை விற்காத கடைத்தெரு இல்லை. அந்தச் சட்டையில் வரும் லாபத்திலிருந்து, காசு கேட்காத ஒரு மைதானத்தை இந்தப் பக்கத்துக்குத் தரச்சொல்லி யாரும் ஏன் கேட்கவில்லை? நாம் கேட்கவில்லை; அதனால் அவர்கள் கொடுக்கவில்லை. விசிலடிக்கத் தெரிந்த வாய்க்கு விண்ணப்பம் எழுதத் தெரியாதா?

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனை எங்கள் தெருவில் மறுபடி பார்த்தேன். அதே மஞ்சள் சட்டை. செங்கல் இரண்டை நட்டு வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் லாரி வந்தது. செங்கலை எடுத்துக்கொண்டு எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.