அரமும் சங்கிலியும்

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் நம் வீட்டு வாசலில் நின்ற புளியமரமும் தெருவை அடைத்துக்கொண்டு சாய்ந்தது. அந்த வாரம் மரம் அறுக்கும் மிஷின்காரருக்கு இருந்த கிராக்கி, படித்த மாப்பிள்ளைக்குக்கூட இருந்திராது. மூன்றாம் நாள் நமக்கும் ஒருவர் அகப்பட்டார். வந்தவர் அரைமணி நேரம் அறுத்தார். பிறகு மிஷினை நிறுத்தித் திண்ணையில் வைத்து, ஓர் அரத்துடன் உட்கார்ந்துவிட்டார்.

நாட்கூலி பேசியிருந்த நமக்குப் பொறுக்குமா? "என்ன அண்ணே, பொழுது அரத்திலேயே போய்விடும் போலிருக்கிறதே!" என்றோம்.

"கீழே விழுந்ததைப் பாருங்க, சார்" என்றார்.

பார்த்தோம். முதலில் விழுந்தவை சில்லுகள். கடைசியில் விழுந்தது மாவு போன்ற தூள். சில்லு வந்தால் பல் வெட்டுகிறது, தூள் வந்தால் வெறுமனே தேய்க்கிறது என்று அர்த்தமாம். புயலில் விழுந்த மரத்தின் பட்டையில் மண் அப்பியிருக்கும். நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலியை மழுங்கடிக்க அந்த மண் போதும்.

இந்தப் பல் நம் தச்சரின் ரம்பப் பல்லைப்போல் முக்கோணமல்ல. வளைந்த உளி போன்றது. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், ஓர் அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அது தன் தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைக் கடித்துச் சென்றது. அதைப் பார்த்துத்தான் அவர் இந்தப் பல்லை அமைத்தார். வளைந்த பல்லானபடியால் அரமும் உருண்டையாயிருக்க வேண்டும். சங்கிலிக்குத் தக்கபடி 4, 4.8 அல்லது 5.5 மில்லிமீட்டர் விட்டம். அதில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேலே தெரியும்படி வைத்து, பெரும்பாலும் 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடலாகாது. முதல் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் கடைசிப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பற்கள் நீண்டுவிட்டால் வெட்டு கோணலாக ஓடும்.

ஒவ்வொரு பல்லின் முன்னும் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாமென்று நிர்ணயிப்பது அதுதான். பல் நுனியைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் சரி. பல் தேயத் தேய அதையும் பட்டை அரத்தால் குறைத்துவர வேண்டும்.

"அதை இன்னும் கொஞ்சம் ராவிவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே!" என்று நம் புத்திசாலித்தனத்தைக் காட்டினோம்.

அவர் பதில் சொல்லாமல் சட்டையை விலக்கினார். இடது தோளில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு! தொழிலுக்கு வந்த புதிதில் அவரும் நம்மைப்போலவே புத்திசாலியாயிருந்தாராம். மேடு அதிகம் தாழ்ந்தால் பல் அளவு மீறிக் கடிக்கும். தகட்டு நுனியின் மேற்புறம் மரத்தில் பட்டால், மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறிப் பிடித்திருப்பவர்மேல் பாயும்.

"முகத்துக்குத்தான் வந்துச்சு. தலையைத் திருப்பிட்டேன்" என்றார்.

அதன் பிறகு நாம் கூலிக் கணக்கைப்பற்றி வாய் திறக்கவில்லை. நம் ஆவலைக் கண்டு அவர் அரத்தை நீட்டினார். மூன்று பற்களை ராவினோம். வெகு நேர்த்தியாக ராவியதாகவே நமக்குத் தோன்றியது. அவர் அரத்தை வாங்கி, அதே மூன்று பற்களையும் மறுபடி ராவிவிட்டு, எழுந்து மரத்தண்டை போனார்.