டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாச்சு... இனி காப்பீட்டு கார்டு உதவுமா?

செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையோரம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். மாந்தோப்பில் காவலுக்கு இருந்த பெரியவருக்குத் திடீரென்று பக்கவாதம். 10 நாள் ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்ததால் செலவு கையைக் கடிக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால், வலது கையும் காலும் அசையவில்லை. ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் மருமகள் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

வெளியூரிலிருந்து நாத்தனார் போனில் கேட்கிறார்: ''மதினி, கார்டுலதான் அஞ்சு லட்சம் இருக்கே. அப்பாவைப் பார்த்துக்க வீட்டுக்கு ஒரு ஆள் போட்டா என்ன?''

நியாயமான கேள்விதான். ஆனால், அந்தக் கார்டில் அதற்கு வழியில்லை.

கார்டு எதுவரை?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டம் தருகிறது. அது ஆஸ்பத்திரி சிகிச்சைக்கான பணம். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க ஆள் வைக்கும் சம்பளத்துக்கு அல்ல.

தனியார் பாலிசிகளில் 'டொமிசிலியரி' என்று ஒரு வரி இருக்கும். அதுவும், ஆஸ்பத்திரியில் தரவேண்டிய சிகிச்சையை, நோயாளியை நகர்த்த முடியாத நிலையில் வீட்டிலேயே தருவதற்குத்தான். சில பாலிசிகளில் நர்ஸ் செலவு உண்டு. எத்தனை நாளுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு தேடி வருவது எது?

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகள், பிசியோதெரபி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பு ஆகியவை வீட்டுக்கே வரும். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

நிரந்தர பாதிப்பு என்று டாக்டர்கள் சான்று தந்தால், கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஜனவரி முதல் இது மாதம் 2,000 ரூபாய். விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தகுதி விவரம் கேட்கலாம்.

பணமா, ஆளா?

ஜெர்மனியில் 1995 முதல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பம் பணமாக வாங்கலாம். அல்லது பயிற்சி பெற்ற ஆளை வரவழைக்கலாம். பராமரிப்புத் தேவையின் மூன்றாம் நிலையில் இருப்பவருக்கு 2025 கணக்கின்படி, பணம் என்றால் மாதம் 599 யூரோ. ஆள் என்றால் 1,497 யூரோ மதிப்புள்ள சேவை. பாதிச் சேவை, பாதிப் பணம் என்றும் கலந்துகொள்ளலாம். 2000-ல் தொடங்கிய ஜப்பான் காப்பீடோ சேவையை மட்டுமே தருகிறது. பணம் கொடுத்தால் வேலை முழுக்க வீட்டு மருமகள் தலையிலேயே விழும் என்ற கவலை அங்கே பேசப்பட்டது.

நம் ஊரில் அப்படி ஒரு காப்பீடு இல்லை. ஆனாலும், அதே கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. பெரும்பாலும் யாரையும் கேட்காமலே பதிலும் முடிவாகிவிடுகிறது: 'மருமகள் வேலையை விட்டுவிடட்டும்.'

அதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். வேலையை விட்டால் சம்பளத்தோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் நின்றுபோகும். நாள் முழுக்க ஆள் வைக்க முடியாவிட்டாலும், காலையில் குளிப்பாட்டும் நேரத்துக்கு மட்டும் ஒருவரை வைக்கலாமா? படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இரவில் அதை யார் செய்வது? மகனும் முறை எடுக்கலாமே! வெளியூர் மகளால் வர முடியாதென்றால், மாதம் எவ்வளவு அனுப்ப முடியும்?

''மதினி, கார்டு இருக்கே'' என்று கேட்ட நாத்தனார், அடுத்த போனில் ''என் பங்கு எவ்வளவு மதினி?'' என்று கேட்டால், அந்த வீட்டில் பாதிப் பாரம் இறங்கிவிடும்.