கம்பெனி வண்டியும் சொந்த சவாரியும்

வருமான வரி என்றால் அது பணக்காரர் சங்கதி, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றே நம் மக்களில் பெரும்பாலோர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இது பெருந்தவறு என்பது நமது அபிப்பிராயம். ஒரு கட்டி சோப்பு வாங்குகின்ற கூலிக்காரனும் வரி கொடுத்துத்தான் வாங்குகிறான். ஆகவே ஒருவன் கொடுக்க வேண்டிய வரியைக் கொடுக்காமல் தப்பித்துக் கொண்டால், அந்தச் சுமை மற்றவன் தலையில்தான் விழுந்து தீரும்.

கெங்குவார்பட்டியிலிருந்து காட்ரோட்டுக்குப் போய் சற்று நேரம் நின்று பாருங்கள். கொடைக்கானல் மலை ஏறுகின்ற கார்களும் மாங்காயும் தேங்காயும் ஏற்றிச் செல்லுகின்ற சாமான் வண்டிகளும் போய்க்கொண்டே இருக்கும். இரண்டிலும் கம்பெனிப் பேரில் பதிவான வண்டிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகும் காரில் ஒரு மானேஜரின் குடும்பம் இருக்கலாம்; அதே நாளில் சாமான் வண்டியின் பின்புறத்தில் டிரைவரின் பந்துக்கள் கலியாணத்திற்கோ வீரபாண்டித் திருவிழாவிற்கோ போகலாம். இரண்டும் முதலாளியின் வண்டியைச் சொந்தக் காரியத்திற்கு உபயோகிப்பதுதான். சட்டம் இந்த இருவரையும் எப்படி நடத்துகின்றது என்பதே நமது கேள்வி.

முதலில் காரை எடுத்துக் கொள்ளுவோம். முதலாளி கொடுக்கும் கார் சம்பளத்தைப் போல் ஒரு வரும்படிதான் என்பதை 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் மதிப்புப் போட்ட விதத்தைப் பாருங்கள். 1.6 லிட்டருக்கு மேற்படாத எஞ்சின் உள்ள காரை, பாதி ஆபீசுக்கும் பாதி சொந்தத்துக்குமாக உபயோகித்து, பெட்ரோல் செலவையும் கம்பெனியே கொடுத்தால், மாதம் ரூ.1,800 வரும்படி என்று 2009-ல் நிர்ணயித்தார்கள். டிரைவரையும் கொடுத்தால் இன்னும் ரூ.900. ஆக டிரைவரோடு சேர்த்து வருஷத்திற்கு ரூ.32,400. ஆனால் முழுக்க முழுக்க சொந்தத்திற்கே உபயோகித்தால், தேய்மானமாக மட்டும் காரின் விலையில் நூற்றுக்குப் பத்து என்று அதே விதி சொல்லிற்று. அதாவது பத்து லட்ச ரூபாய்க் காருக்குத் தேய்மானமே ஒரு லட்சம்; பெட்ரோலும் டிரைவர் சம்பளமும் அதற்கு மேல். நடுவில் ஒரு நாள் ஆபீஸ் வேலை என்று எழுதிவிட்டால் லட்சத்துக்கு மேற்பட்டது முப்பத்திரண்டாயிரமாய்ச் சுருங்கிவிடும். மாதம் முழுவதும் மலைக்கு ஓடினாலும் அதே தொகை. ஒரு முறை ஓடினாலும் அதே தொகை. 2025-ல் புதிய வருமான வரிச் சட்டமும் செய்தார்கள். தொகையை ஏற்றுவதோ இறக்குவதோ நமக்குப் பெரிதல்ல. ஓடிய தூரத்தைக் கேளாமல் மாதத்திற்கு இவ்வளவு என்று கட்டிவிடுகின்ற முறையைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

இனி கம்பெனி பக்கம் பார்ப்போம். டைரக்டர்கள் சொந்தத்திற்குக் காரை உபயோகித்த செலவைக் கம்பெனிக் கணக்கில் கழிக்கலாமா என்ற கேள்வி குஜராத் ஹைக்கோர்ட்டுக்கு சயாஜி அயர்ன் கம்பெனி வழக்கில் வந்தது. கம்பெனி உயிரில்லாதது, ஆகவே அதற்குச் சொந்த உபயோகம் என்பதே கிடையாது என்று தீர்ப்பாயிற்று! நமக்கு இது புதிதல்ல. கல்லுச்சாமிக்குச் சொத்தும் வழக்கும் உண்டு என்று சொல்லுகின்ற தேசமல்லவா இது? சாமிக்குப் படைத்த பொங்கலைச் சாமி தின்பதில்லை; யார் தின்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். கம்பெனி காரில் ஏறுவதில்லை. யார் ஏறுகிறார்கள் என்பதும் தெரியாததல்ல.

இப்பொழுது டிரைவரிடம் வருவோம். மேலே சொன்ன தொகை மோட்டார் காருக்குச் சொன்னதே ஒழிய சாமான் வண்டிக்குச் சொன்னதல்ல. அவன் சம்பளத்திற்கு வருமான வரி ஆபீசர் பெரும்பாலும் வரவும் மாட்டார். ஆனால் அவன் கட்டுகிற வரி வேறு. சாமான் வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்கிறது மோட்டார் சட்டம். ஏற்றினால் அபராதம். விபத்து நேர்ந்தாலோ, சாமான் வண்டியில் இனாமாய் ஏறி வந்தவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. முதலாளி வேலையாய்ப் போகிற தொழிலாளிக்கு ஓரளவு பாதுகாப்புண்டு. கலியாணத்திற்குப் போகிற அவன் பெண்டு பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. முதலாளியைக் கேட்கலாமென்றால், "யாரைக் கேட்டு வண்டியை எடுத்தாய்?" என்பார். மானேஜர் தன் சலுகைக்கு ரூபாயில் வரி கட்டுகிறார். டிரைவர் குடும்பம் உயிரில் கட்டுகிறது.

இதே முதலாளி ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கத் தவறுவதில்லை. எலுமிச்சம்பழம் எந்தக் கோர்ட்டிலாவது நஷ்டஈடு கொடுத்ததுண்டா என்று கேட்கிறோம்.

இங்கிலாந்திலும் இந்த வழக்கு உண்டு. கோக்கோ கோலா கம்பெனி தன் தொழிலாளிகளுக்குக் கொடுத்த, பின்னால் ஆசனம் வைத்த வண்டிகள் காரா, சாமான் வண்டியா என்று வழக்காடி, கார்தான் என்று 2020-ல் அப்பீல் கோர்ட்டு தீர்த்தது. காருக்கு அங்கே வரி அதிகம். வீட்டிலிருந்து வேலைக்கு வருவதுகூடக் காரில் என்றால் சொந்த உபயோகம். சாமான் வண்டியில் அவ்வளவோடு நின்றால் வரியில்லை. அந்த நாட்டு முறை குற்றமற்றதென்று நாம் சொல்லவில்லை. தொழிலாளியின் வண்டியை ஒரு பொருட்டாக எண்ணிச் சட்டம் எழுதியிருக்கிறார்கள் என்றே சொல்லுகிறோம்.

ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் கணக்கெழுத முடியுமா என்று சிலர் கேட்கலாம். ஆபீஸ் உபயோகம் என்று அதிகமாய்க் கழித்துக்கொள்ள விரும்பினால் பயணக் கணக்கு வைக்க வேண்டுமென்று மேற்படி விதியே சொல்லிற்று. கழிப்பதற்கு எழுத முடிந்த கணக்கு, கட்டுவதற்கு மட்டும் எழுத முடியாமற் போகுமா?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. கார் ஓடிய கணக்குப்படி வரி போடட்டும். டிரைவர் வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, கூடாதா என்பதை முதலாளி எழுத்தில் கொடுக்கட்டும். தொழிலாளியை ஏற்றுவதற்கு ஆள் ஏற்றும் வண்டியையே வைக்கட்டும். தோழர்களும் கலியாணம், திருவிழா என்று சாமான் வண்டியில் பெண்டு பிள்ளைகளை ஏற்றுவதை இன்றோடு விட வேண்டும். மனிதன் மூட்டையல்ல என்பதை முதலில் நாம் உணர்ந்தாலல்லவா, பிறகு சர்க்காரும் முதலாளியும் உணருவார்கள்?